பாட்டு கேட்கிற அறைக்குச் செடி போதுமா?

சென்னையில இருக்கிற தங்கச்சி பையன் ஒரு அறையையே பாட்டு கேட்க ஒதுக்கி, நல்ல ஸ்பீக்கர் வாங்கி வச்சிருக்கான். அறையில எதிரொலி. "மாமா, எட்டுத் தொட்டிச்செடி வாங்கிட்டேன், சத்தத்தை உறிஞ்சிடுமாம்"னு போன் பண்ணான். இப்போ மூணு செடி வாடிப்போச்சு, எதிரொலி அப்படியே இருக்கு.

செடி வளர்க்கிறதே தொழிலா இருக்கிறவன் சொல்றேன்: செடி வைங்க, ஆனா அதுகிட்ட இந்த வேலையை எதிர்பார்க்காதீங்க.

டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், சிமென்ட் சுவர், எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும். சத்தம் அடங்கணும்னா உள்ளே புகுந்து மாட்டிக்க நுண்துளை வேணும், கனமும் வேணும். இலை மெல்லிசு, வழவழப்பு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 5000 ஹெர்ட்ஸ் கீச்சுச் சத்தத்தோட அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான். பெரிய இலை அதைக் கொஞ்சம் சிதறடிக்கும். 100 ஹெர்ட்ஸ் அடித்தொனியோட அலைநீளம் 3 மீட்டருக்கு மேல. அதுக்கு உங்க மணி பிளாண்ட் இருக்கிறதே தெரியாது.

இலையைவிட தொட்டி மண்ணே தேவலை. பொலபொலன்னு இருந்தா கொஞ்சம் உறிஞ்சும். தண்ணி ஊத்தி ஊத்தி இறுகிப்போன மண்ணு அதுவும் செய்யாது.

1895-ல ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல ஒரு விரிவுரை மண்டபத்துல எதிரொலி தாங்கலை. அதைச் சரி பண்ணச் சொன்னது வாலஸ் சபின்கிற இயற்பியல் ஆசிரியரை. அவர் ராத்திரியில பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிட்டு வந்து பரப்பி, சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகுதுன்னு அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைஞ்சது. அறை ஒலியியல் அங்கேதான் தொடங்குச்சு.

நம்ம கூரை வீட்டுல பேச்சு கணீர்னு எதிரொலிக்காம காதுக்கு இதமா இருந்ததும் இதனாலதான். கீத்தும் வைக்கோலும் சத்தத்தை உள்ளே வாங்கிக்கும். அதே ஊர்ல இப்போ கட்டுற மாடி வீடுங்க காலியா இருக்கறப்ப கிணத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு.

அதனால தரையில கனமான ஜமுக்காளம் விரிங்க. ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்க. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவுல வர்ற பக்கச் சுவர்ல பஞ்சு அடைச்ச பலகை மாட்டுங்க. அடித்தொனி குமுறினா மூலையில இன்னும் தடிமனா வைங்க. ஒவ்வொண்ணுக்கும் முன்னும் பின்னும் கை தட்டிப் பாருங்க, காதே சொல்லிடும்.

திரை போட்டு மூடின இருட்டறையில செடி மெல்ல மெல்லச் சாகும். பஞ்சு செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு உயிரைக் கொண்டுபோய் நிறுத்துறது நியாயமில்லை. செடியை வெளிச்சம் வர்ற ஜன்னலோரம் வைங்க. அது கண்ணுக்கு, பஞ்சு காதுக்கு.