கட்டளையை எழுதி வைப்போம்

கணினி என்றதும் நம் நினைவுக்கு வருவது வண்ணத் திரையும் சுட்டியும்தான். கறுப்புத் திரையில் எழுத்துகளால் கட்டளையிடுவது என்றால் பலருக்குப் பயம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இன்று இல்லை. ஆனால் கட்டளையிடத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதை எனது பிழையொன்று கற்றுத் தந்தது.

கொழும்புத் துறைமுகத்தில் அடுக்கியிருக்கும் கொள்கலன்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது தேயிலையா, துணியா என்று பாரந்தூக்கி கேட்பதில்லை. மென்பொருளிலும் இதே யோசனைதான். செயலியையும் அது இயங்கத் தேவையானவற்றையும் ஒரே பொதியாகக் கட்டினால், வெவ்வேறு கணினிகளிலும் அது ஒரே விதமாக இயங்கும். 2013இல் வெளிவந்த டொக்கர் இதனை இலகுவாக்கியது. இத்தகைய கொள்கலன்கள் பலவற்றை ஒன்றாக நிர்வகிக்க, 2014இல் கூகுள் குபர்நெட்டிஸை வெளியிட்டது. கிரேக்க மொழியில் அதற்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். அதற்குக் கட்டளையிடும் கருவியே கியூப்சிடிஎல்.

கண்காட்சிக்காக நானும் தோழி ஒருத்தியும் நூலகத் தேடல் செயலி ஒன்றைச் செய்தோம். நானாவின் மடிக்கணினியில், மினிகியூப் மூலம் அதை இயக்கினோம். இவ்வளவு சிறிய செயலிக்கு இது அதிகம்தான், கற்பதற்காகவே செய்தோம். முதற்பதிப்பில் தமிழ் நூற்பெயர்களைத் தேட முடியவில்லை. முந்திய இரவு அதைத் திருத்தி, ஒரே கட்டளையில் இரண்டாம் பதிப்பை ஏற்றினேன். வேலை செய்தது. நிம்மதியாக உறங்கினேன்.

காலையில் தோழி, செயலியின் பிரதிகளை ஒன்றிலிருந்து இரண்டாக்க விரும்பினாள். எங்கள் அமைப்புக் கோப்பில் எண்ணை மாற்றி, முறைப்படி 'அப்ளை' கட்டளையைக் கொடுத்தாள். கோப்பிலோ இன்னும் முதற்பதிப்பின் பெயரே இருந்தது. குபர்நெட்டிஸ் கோப்பில் உள்ளபடியே செய்தது. பெற்றோர் முன்னிலையில் எந்தத் தமிழ் நூலும் அகப்படவில்லை.

நான் அவளைக் கடிந்துகொண்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அவள் செய்தது சரி. நான் செய்த மாற்றம் என் தலைக்குள் மட்டுமே இருந்தது. மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் எல்லோர் முன்னிலையிலும் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற ஒரு கட்டளையும் இல்லை.

இதைக் கேட்ட சிலர், "பொத்தான் அழுத்தும் திரை இருந்திருந்தால் இந்தத் தொல்லை வந்திராதே" என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொத்தானை அழுத்தி மாற்றியிருந்தாலும் கோப்பு பழையதாகவே இருந்திருக்கும். பிழை கறுப்புத் திரையில் இல்லை. எழுதி வைக்காததில் இருந்தது. உண்மையில், கட்டளை வரி எழுத்தாலானது. அதைப் பிரதி செய்யலாம், தோழிக்கு அனுப்பலாம், நாளை மீண்டும் வாசிக்கலாம். எங்கே அழுத்தினோம் என்பதை அப்படிக் கையளிக்க முடியாது.

அவசரத்தில் நேரடிக் கட்டளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதிய பதிப்பு பழுதானால் 'ரோல்அவுட் அன்டூ' கொடுத்து முந்திய பதிப்புக்குத் திரும்புவதுதான் புத்தி. ஆனால் ஆபத்து நீங்கியவுடன் கோப்பையும் திருத்த வேண்டும். 'அப்ளை' கொடுக்குமுன் 'டிஃப்' கொடுத்தால், எது மாறப்போகிறது என்று அதுவே காட்டிவிடும். அன்று அதைச் செய்திருந்தால், பதிப்பு பின்னோக்கிப் போவது எங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

தோழியரே, கறுப்புத் திரைக்கு அஞ்ச வேண்டாம், துணிந்து பழகுங்கள். ஆனால் கூட்டாகச் செய்யும் வேலையில், ஒருத்திக்கு மட்டும் தெரிந்த மாற்றம் மற்றவளுக்கு வைத்த பொறியாகிவிடும். இப்போது எங்கள் கோப்பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு உண்டு. முதற்குறிப்பை எழுதியவள் நான்.