அடைபட்டவரின் படம், அடைபட்டவரின் உரிமை
பரமட்டா கோரிக்கைச் சாசனம்

ஆஸ்திரேலிய மத்திய அரசுக்கும், நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசுக்கும், ஒளிப்படக் கலைஞர்களுக்கும், பரமட்டாவிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழர்கள் முன்வைப்பது:

பரமட்டாவில் பெண் கைதிகளுக்காக 1821இல் திறக்கப்பட்ட 'ஃபீமேல் ஃபாக்டரி' பின்னர் மனநோயாளர் காப்பகமானது. அதன் அருகே 1887 முதல் 1974 வரை சிறுமியர் இல்லம் நடந்தது. அங்கு அடைபட்ட சிறுமிகள் கதவுகளிலும் சுவர்களிலும் எழுத்துகளைக் கீறி வைத்தார்கள். அங்கே நடந்த பாலியல் கொடுமைகளை அரச ஆணையம் பகிரங்கமாக விசாரித்தது 2014இல்தான். இல்லம் மூடப்பட்டு நாற்பது ஆண்டுகள் கழித்தே அந்த விசாரணை நடந்தது.

இன்றும், வில்லவுட் குடிவரவுத் தடுப்பு முகாமில் அடைபட்ட எம் உறவுகளைப் பார்க்கப் போகும்போது, கைத்தொலைபேசியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டே உள்ளே நுழைகிறோம். தனியுரிமை என்று காரணம் சொல்லப்படுகிறது. அந்த உரிமை அடைபட்டவருக்குரியது. அடைத்து வைத்தவர் அதன் பின்னே ஒளியக்கூடாது.

ஒரு படம் என்ன செய்யும் என்பதை நாங்கள் கண்டோம். 2021 ஜூனில், கிறிஸ்மஸ் தீவில் குடும்பத்தோடு தடுத்து வைக்கப்பட்டு நோயுற்றுக் கிடந்த தங்கையை அக்கா முத்தமிடும் படம் நாட்டையே உலுக்கியது. அந்தத் தமிழ்க் குடும்பம் அதே மாதம் பேர்த்துக்கு மாற்றப்பட்டது. 2022இல், தான் முன்பு வாழ்ந்த பிலோவீலா ஊருக்குத் திரும்பியது.

ஆகவே கோருகிறோம்:

1. முகாம்களில் கைத்தொலைபேசியைத் தடைசெய்ய அமைச்சருக்கு 2024 சட்டம் தந்த அதிகாரம் நீக்கப்பட வேண்டும். மானுஸ் தீவுத் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்த எழுத்தாளர் பெஹ்ரூஸ் பூச்சானி, முகாமுக்குள் கைத்தொலைபேசியால்தான் படம்பிடித்தார். அது 2017இல் முழுநீளப் படமாக வெளிவந்தது.

2. வில்லவுட்டிலும் மெல்பேர்ன் முகாமிலும், தனிமை அறைகள் உட்பட எல்லா இடங்களுக்கும், சுயாதீன ஒளிப்படக் கலைஞர்கள் அனுமதிக்கப்பட வேண்டும்.

3. படம் எடுக்குமுன் அவரவர் மொழியில் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். முகம் வெளியானால் ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஆபத்து வரலாம். முகத்தை மறைக்கக் கேட்டால் மறுபேச்சின்றி மறைக்க வேண்டும்.

4. கலைஞர்களே, கண்ணீரை மட்டும் தேடாதீர்கள். சமைப்பவரையும் படிப்பவரையும் தொழுபவரையும் எடுங்கள். வெளியிடுமுன் படத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். ஒரு பிரதி கொடுங்கள்.

5. சிறுமியர் இல்லக் கட்டடங்களில் எந்தத் திருத்த வேலையும் தொடங்குமுன், கீறல்கள் ஒவ்வொன்றும் ஒளிப்படமாகப் பதிவாக வேண்டும். அங்கே வாழ்ந்த பெண்கள் 2006 முதல் 'பாராகேர்ல்ஸ்' என்ற பெயரில் இயங்குகிறார்கள். எதை, எப்படிப் பதிவுசெய்வது, யாருக்குக் காட்டுவது என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும்.

இந்த ஐந்துக்கும் இரு அரசுகளும் எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் வரும்வரை எங்கள் தொகுதி உறுப்பினர்களின் அலுவலகங்களில் இக்கோரிக்கைகளைத் தொடர்ந்து எழுப்புவோம்.