முருங்கை மரத்தடிக்குப் போன சீம்பால்

போன மாதம் பேத்திக்குப் பிரசவம். ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் மார்பில் போட்டுவிட்டார் நர்ஸ் அம்மா. பார்க்க வந்த உறவுக்கார அம்மாள் முகம் சுளித்தார். "மஞ்சளா இருக்கே, அதைப் பீய்ச்சிட்டு அப்புறமா குடுக்கக் கூடாதா? ஒரு சங்கு சர்க்கரைத் தண்ணி போதுமே!"

எனக்குக் கோபம் வந்தது. பாதி அவர் மேல், பாதி என் மேலேயே.

1973ல் செங்கல்பட்டில் எங்கள் மூத்தவள், அதாவது இந்தப் பேத்தியின் அம்மா, பிறந்தபோது இதேதான் நடந்தது. மூன்று நாள் சீம்பால் முருங்கை மரத்தடிக்குப் போயிற்று. பிள்ளைக்குச் சங்கில் சர்க்கரைத் தண்ணீர். ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு, பிழைத்தது தெய்வாதீனம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, பாஸ்தேரையும் கிருமிகளையும் நெட்டுருப் போட்டுப் பரீட்சை எழுதியவன் நான். பெரியவர்கள் முன்னால் வாயைத் திறக்கவில்லை.

அந்த மஞ்சள் பாலில் என்ன இருக்கிறது? இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் காப்புப் பொருள் சீம்பாலில்தான் மிக அதிகம். தாய் குடிக்கும் தண்ணீர், உண்ணும் சோறு, மூச்சுக்காற்று வழியாக இந்த ஊர்க் கிருமிகள் அவளுக்குள் போகின்றன. அவள் குடலில் அவற்றை அடையாளம் கண்ட காவல் அணுக்கள் ரத்தத்தின் வழியே மார்புக்கு வந்து, அதே கிருமிகளுக்கு எதிரான பொருளைப் பாலில் சேர்க்கின்றன. அது பிள்ளையின் குடலில் படிந்து காக்கிறது. செங்கல்பட்டுத் தாய்க்குச் செங்கல்பட்டுக் கிருமி தெரியும். டப்பாப் பால் பவுடருக்குத் தெரியுமா? அந்தப் பவுடருக்கு விளம்பரமே கூடாது என்று 1992லேயே சட்டம் வந்துவிட்டது.

தாய்க்குச் சாதாரண சளி, காய்ச்சல் என்றதும் பிள்ளையைப் பிரிக்கிறோமே, அதுவும் தவறு. அந்த நோய்க்கான காப்பும் பாலில்தான் வருகிறது. நிறுத்த வேண்டிய சில நோய்களை டாக்டர் சொல்லட்டும், நாம் வேண்டாம்.

அடுத்தது பத்தியம். பச்சை உடம்பு என்று சொல்லி, கீரை ஆகாது, பழம் ஆகாது, தண்ணீரைக் குறை என்கிறோம். சத்துக் குறைந்த தாயின் பாலிலும் காப்புப் பொருள் பெரும்பாலும் குறைவதில்லை என்பது உண்மை. ஆனால் அவள் தன் உடம்பை உருக்கித்தான் தருகிறாள். பாலில் உள்ள கொழுப்பின் தரமோ அவள் சாப்பாட்டைப் பொறுத்தது. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் மீனவர் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு முதலில் மீன்தான். அவர்கள் செய்வது சரி. சுறாவில் பாதரசம் சேரும் என்பதால் மத்தி, நெத்திலி இன்னும் நல்லது. சைவ வீடுகளில் கீரையும் பருப்பும் பாலும் தாராளமாகக் கொடுக்கலாமே!

என் வயதுத் தாத்தா பாட்டிமார்களே, பிரசவ அறைக்கு நாம் சங்கைக் கொண்டுபோக வேண்டாம். பெற்றவளுக்கு ஒரு தட்டு நல்ல சாப்பாடு கொண்டுபோவோம். அன்று நான் சொல்லத் தவறியதை அந்த உறவுக்கார அம்மாளிடம் இந்த முறை சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை, கொள்ளுப்பேரன் நன்றாகப் பால் குடிக்கிறான்.