ஜோகூர் பாரு யாருக்கு மலிவு?

தேர்வு முடிந்த மறுநாளே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "சனிக்கிழமை ஜேபி போவோமா?" என் அம்மா பிறந்து வளர்ந்தது ஜோகூர் பாருவில். அதனால் எங்கே சாப்பிடுவது, எங்கே பொருள் வாங்குவது என்று பட்டியல் போடும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும்.

உண்மையைச் சொன்னால், நான் போடும் பட்டியல் என்னுடையதே அல்ல. இரவில் படுத்துக்கொண்டே சமூக ஊடகக் காணொளிகளைப் பார்த்துத் தொகுப்பது. சென்ற விடுமுறைக்கு அப்படிப் பதினோர் இடங்களைச் சேர்த்திருந்தேன். பெரும்பாலும் கஃபேக்கள், நடுவில் இரண்டு கடைத்தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை, அதுவும் சிங்கப்பூர் வெள்ளியில். பெருமையோடு அதை என் பெரியம்மா மகளுக்கு அனுப்பினேன். அக்காவுக்கு வயது 26. ஜோகூர் பாருவிலேயே அலுவலக வேலை பார்க்கிறார். பதில் உடனே வந்தது: "இதுல மூணு இடத்துக்குத்தான் நான் போயிருக்கேன். அதுல ஒண்ணு ஆபிஸ் பார்ட்டி. பாஸ் காசு கொடுத்தாரு."

முதலில் சிரித்தேன். அதே ஊரில் பிறந்து, அதே ஊரில் சம்பளம் வாங்கும் ஒருவர் போகாத இடங்களை, அந்த ஊரின் 'கட்டாயம் போக வேண்டிய இடங்கள்' என்று நண்பர்களுக்கு நான் சிபாரிசு செய்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. கஃபேயில் 30 ரிங்கிட்டுக்கு ஒரு பாஸ்தா, 15 ரிங்கிட்டுக்கு ஒரு காப்பி என்றால், நான் பகுதிநேர வேலையில் ஒன்றரை மணி நேரத்தில் சம்பாதிப்பதற்குள் அடங்கிவிடும். மலேசியாவில் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 65 ரிங்கிட். அந்தப் பாஸ்தாவையும் காப்பியையும் மேசைக்குக் கொண்டுவரும் இளையர் அதே தட்டைச் சாப்பிட விரும்பினால், ஒரு நாள் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். இதைத்தான் நாம் 'செம்ம சீப்' என்று தலைப்பிட்டுப் பதிவேற்றுகிறோம்.

அந்தப் பயணத்தில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கும் போனோம். சாப்பிட்டு முடித்ததும் என் தோழி கைப்பேசியில் மூன்றால் வகுத்துப் பார்த்துவிட்டு, "நாலு பேருக்கும் சேர்த்து இருபது வெள்ளிகூட வரல, சும்மா கொடுக்கிற மாதிரி இருக்கு!" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா நின்று, "சும்மா இல்லம்மா, போன மாசம்தான் விலை ஏத்தினோம். அதுக்கே இங்க உள்ளவங்க திட்டுறாங்க" என்று சிரித்தபடியே சொன்னார். எங்கள் மேசையில் யாரும் சிரிக்கவில்லை. தோழி கெட்டவள் அல்ல. நானும் மனத்துக்குள் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் அக்கா சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. 2014 முதல் ஜோகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2025 ஜனவரி 1 முதல் அது சனி, ஞாயிறு ஆகிவிட்டது. "முன்னாடி வெள்ளிக்கிழமை ஊர் எங்களோடது. பெரியம்மாவும் நானும் காலையில் நிதானமா போய்ப் பசியாறுவோம். இப்ப ரெண்டு நாளும் உங்களோட வரிசையில நிக்கிறோம்" என்றார். அவர் 'பெரியம்மா' என்றது தன் அப்பாவின் அண்ணியை. எழுபது வயதைத் தாண்டியவரால் வெயிலில் அரை மணி நேரம் வரிசையில் நிற்க முடியாது.

இதற்கு மேல் ஆர்டிஎஸ் ரயிலும் வரப்போகிறது. 2026 முடிவுக்குள் தொடங்கும் என்று திட்டமிடப்பட்டிருக்கும் அந்தச் சேவை, உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே ஐந்து நிமிடத்தில், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர்வரை ஏற்றிச் செல்லும். நம் பட்டியல்கள் மாறாவிட்டால், அந்தப் பத்தாயிரம் பேரும் அதே பதினோர் இடங்களில்தான் போய் நிற்பார்கள்.

அப்படியென்றால் போகவே கூடாதா? அதையும் அக்காவிடம் கேட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "பைத்தியமா? தம்பி கஃபேல வேலை செய்யறதே சனி, ஞாயிறுதான். நீங்க வரலன்னா அவனுக்கு காலேஜ் செலவுக்குக் காசு ஏது?" என்றார். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. நம் பணம் அந்த ஊருக்கு வேண்டும். நம் மாணவர்களின் பையும் ஒன்றும் பெரியதல்ல. இங்கே ஒரு திரைப்படமும் ஒரு வேளைச் சாப்பாடும் என்றாலே யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. விலை பார்த்துப் போவதில் தவறில்லை. ஆனால் ஓர் ஊரைப் பற்றி நண்பரிடம் சொல்ல நம்மிடம் இருப்பது விலை மட்டும்தான் என்றால், அந்தச் சிபாரிசை நான் இனி செய்ய மாட்டேன்.

அதனால் இந்த முறை பட்டியலைக் கிழித்துவிட்டு அக்காவோடு நடந்தேன். சுங்க, குடிநுழைவுச் சோதனை முடிந்ததும் எல்லாரும் மேம்பாலம் வழியாக சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதிக்குள் போய் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அதைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் ஜாலான் டான் ஹியோக் நீ. அங்குள்ள ஹியாப் ஜூ ரொட்டிக்கடை 1919 முதல் இருக்கிறது. விறகு அடுப்பில் சுட்ட வாழைப்பழ கேக்கைச் சூடாகப் பெட்டியில் போட்டுத் தருவார்கள். இது எல்லாப் பட்டியலிலும் இருக்கும் கடைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து ஜாலான் டோபியில் 1937இல் தொடங்கிய சலாஹுடின் ரொட்டிக்கடையை என் நண்பர்கள் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. இந்திய முஸ்லிம் குடும்பம் நடத்தும் கடை. கறிபாப் வாங்குங்கள், ஆளுக்கு ஒன்று போதாது. சலவைத் தொழிலாளர்களைக் குறிக்கும் டோபி என்ற நம்மவர் சொல் அந்தத் தெருப் பலகையில் இன்னும் இருப்பதையும் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம்.

மதியத்துக்கு ஜாலான் திருஸில் 1946 முதல் இயங்கும் ஹுவா மூய். ஹைனான் பாணி சிக்கன் சாப் அங்கே பிரபலம். மீன் தலைக் கறி வேண்டுமென்றால் ஜாலான் வோங் ஆ ஃபூக்கில் காம் லோங் இருக்கிறது, ஆனால் வரிசைக்குப் பொறுமை வேண்டும்.

நான் அதிக நேரம் செலவிட்டது ஜாலான் உங்கு புவானில். மாரியம்மன் கோயில், மாலை கட்டும் பூக்கடைகள், மளிகை, துணிக்கடைகள். தேக்காவைச் சுருக்கி வைத்ததுபோல் இருக்கும், கூட்டம் மட்டும் குறைவு. கடைக்காரர்களிடம் தமிழிலேயே பேசுங்கள். நான் 'பை' கேட்டபோது ஒருவர், "சிங்கப்பூரா? எங்க, உட்லண்ட்ஸா, ஈசூனா?" என்று கேட்டுவிட்டு, தாம் இருபது ஆண்டுகள் தினமும் கடற்பாலத்தைக் கடந்து வேலைக்குப் போன கதையைச் சொன்னார். அதிகாலை நாலு மணிக்கு எழுவாராம். கஃபேயில் இப்படி யாரும் என்னோடு பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

வாங்கும் விஷயத்தில் இரண்டு குறிப்புகள். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி மதிப்புள்ள பொருள்களுக்குத்தான் பொருள், சேவை வரி விலக்கு. அதற்கு மேல் 9 விழுக்காடு கட்ட வேண்டும். இரண்டாவது, 2.50 ரிங்கிட்டுக்கு விற்கும் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலத்தைத் தொடாதீர்கள். அது மலேசியக் குடிமக்களுக்காக அரசாங்க மானியத்தில் விற்கப்படுவது. அரிதாகவே கிடைக்கிறது என்று பெரியம்மா புலம்பிக்கொண்டிருக்கும் வேளையில், "வாங்கிட்டு வரட்டுமா?" என்று அம்மாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியவள் நான். அம்மா பதிலுக்கு என்ன எழுதினார் என்பதை இங்கே போட முடியாது.

ஒன்றை மட்டும் கவனித்தேன். கேடிஎம் ரயிலில் உட்லண்ட்ஸிலிருந்து போகக் கட்டணம் 5 வெள்ளி, ஜோகூர் பாருவிலிருந்து திரும்ப 5 ரிங்கிட். அதே தண்டவாளம், அதே ஐந்து நிமிடம். அக்கா எங்களைப் பார்க்க வருவதானால் திரும்பிப் போகும் ஒரு நடைக்கே 15 ரிங்கிட்டுக்கு மேல் ஆகிறது. அவர் ஏன் ஆண்டுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு மட்டும் வருகிறார் என்று நான் கேட்டதே இல்லை.

அடுத்த விடுமுறைக்கான பட்டியலைக் குழுவில் போட்டுவிட்டேன். ஐந்தே இடங்கள், விலை ரிங்கிட்டில். காலை ஏழு மணிக்குள் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் இருக்க வேண்டும், ஒன்பதரைக்குள் பசியாறி முடித்து எழுந்துவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் அக்காவும் அவருடைய பெரியம்மாவும் வருவார்கள். "வெள்ளியில் எவ்வளவு?" என்று தோழி கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் போடவில்லை.