பழைய பில்லை எடைக்குப் போடலாமா? ஜி.எஸ்.டி.யின் 72 மாதக் கணக்கு இதுதான்!

கடையில் இடமில்லை, மூட்டை மூட்டையாகப் பழைய பில்கள். 'ஆறு வருஷம் ஆச்சு, எடைக்குப் போட்டுடலாம்' என்பதுதான் பல வியாபாரிகளின் கணக்கு. சிக்கலே அங்கேதான்.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவு சொல்வது 72 மாதங்கள். ஆனால் பில் தேதியிலிருந்து எண்ணக் கூடாது. அந்த நிதியாண்டுக்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசி நாளிலிருந்து எண்ண வேண்டும். உதாரணமாக, 2023 ஏப்ரலில் வாங்கிய சரக்கு 2023-24 நிதியாண்டில் வரும். அதற்கான ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆக, அந்த பில் 2030 டிசம்பர் 31 வரை இருந்தாகணும். ஆறு வருஷம்னு நினைச்சது கிட்டத்தட்ட எட்டு வருஷம்!

கொள்முதல் பில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இன்புட் டாக்ஸ் கிரெடிட் எடுத்தது சரிதான் என்று நிரூபிக்க வேண்டியது வியாபாரிதான். முடியாவிட்டால் அந்த வரியை வட்டியோடு கட்டச் சொல்லலாம், அபராதமும் வரலாம்.

மேல்முறையீடோ விசாரணையோ இருந்தால், அது முடிந்து ஓராண்டு அல்லது 72 மாதக் கெடு, இதில் எது பிந்தையதோ அதுவரை அந்த ஆவணங்களில் கை வைக்கக் கூடாது.

பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். கூட்ட மினிட்ஸ் புத்தகம் நிரந்தரம்.

இன்னொண்ணு, மிஷின் பில்லில் எழுத்து சீக்கிரமே மங்கிடும். வெறும் வெள்ளைத் தாளை எட்டு வருஷம் பூட்டி வைத்து என்ன பயன்? வாங்கியதுமே ஸ்கேன் எடுத்துடுங்க. ஆர்டராக மாறாத கொட்டேஷன், கூடுதல் ஜெராக்ஸ் பிரதிகள்... இதையெல்லாம் தாராளமா எடைக்குப் போடலாம்.