பத்து நிமிஷம்தானே என்கிறீர்களா?

"பத்து நிமிஷம் லேட்டானா என்ன, பள்ளிக்கூடம் ஓடியா போயிடும்?" - காலை நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் காதில் விழும் பேச்சு இது.

கணக்குப் பாருங்கள். தினம் 10 நிமிஷம். 200 நாளில் 2,000 நிமிஷம். அதாவது 33 மணி நேரம்! ஒரு வாரப் பாடத்துக்கு மேல் அம்போ!

பாடம் மட்டுமா? 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் மணி அடிக்கும் முன்பே சாப்பாடு. லேட்டாக வரும் பிள்ளைக்கு அதுவும் போச்சு.

வாசலில் நின்று திட்டு வாங்கிய பையன் மறுநாள் உள்ளே போகக் கூச்சப்படுகிறான். தெருமுனையிலேயே நின்றுவிடுகிறான். லேட் இப்படித்தான் 'ஆப்சென்ட்' ஆகிறது. வாத்தியார்களே, பிள்ளையை வகுப்பில் உட்கார வையுங்கள். பெற்றோரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

காலையில் குழாயடிக்கும் டீ வாங்கவும் பிள்ளையை விரட்டுவது யார்? பெரியவர்கள்தான்!

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளிக்கூட நேரத்தில் பையன் வேலை கேட்டு வந்தால், "இரக்கப்பட்டேன்" என்று எடுபிடி வேலை கொடுக்காதீர்கள். 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கடை வேலைக்கு வைப்பது, 2016 சட்டத் திருத்தப்படி குற்றம். கம்பி எண்ண வேண்டி வரும்!

மணி அடிக்கும்போது பிள்ளை இருக்க வேண்டிய இடம் வகுப்பு. கடை வாசல் அல்ல.