98 மார்க் பிரெஞ்சு

மறைமலைநகர் ரயில் நிலையத்தில் பார்த்த நண்பர் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். மகள் பத்தாவது முடித்துவிட்டாள். ப்ளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுக்கப் போகிறாளாம்.

“அவளுக்கு பிரெஞ்சு பிடிக்குமா?” என்று கேட்டேன்.

“பிடிக்கறதாவது! ஸ்கூல்லயே சொல்லிட்டாங்க சார். தமிழ்ல விடிய விடியப் படிச்சாலும் 85தான். பிரெஞ்சுன்னா 98 கேரண்டி. எழுத்துலேர்ந்துதான் ஆரம்பிப்பாங்களாம்.”

1916-ல் வேதாசலம் என்ற தன் பெயரையே தமிழாக்கி மறைமலை ஆனவரின் பெயரில் இருக்கும் ஊர் இது. இங்கே தமிழை விடலாமா என்று நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை. அந்த மறைமலையடிகளே சமஸ்கிருதம் கற்று சாகுந்தலத்தைத் தமிழில் தந்தவர், ஆங்கிலத்தில் பத்திரிகை நடத்தியவர். அடுத்த மொழி படிப்பது பாவமே இல்லை. என் கோபம் வேறு. நம் பிள்ளைகள் தமிழையும் விடுகிறார்கள், பிரெஞ்சையும் படிப்பதில்லை.

தமிழைக் கட்டாயமாக்கி 2006-ல் வந்த சட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதன்பின் மொழியைத் தேர்ந்தெடுப்பது மாணவர் உரிமை. நல்ல உரிமைதான். அதைக் காய்கறிக் கடையில் விலை கேட்பது மாதிரி, எதில் எவ்வளவு மார்க் என்று கேட்டுப் பயன்படுத்துவதுதான் அசிங்கம்.

சரி, அந்த 98 எதற்கு உதவும்? அண்ணா பல்கலைக்கழக இன்ஜினீயரிங் கட்-ஆஃப் கணிதம், இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்துப் போடுவது. மொழிப்பாடத்துக்கு அதில் இடமே கிடையாது. மருத்துவத்துக்கோ நீட். மாநில ரேங்க் அறிவிப்பதைக்கூட அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பின்னே யாருக்காக 98? பள்ளிக்கூட வாசலில் தொங்கும் ஃப்ளெக்ஸ் பேனருக்காக!

ஒரு சின்னக் கணக்கு. ஆங்கிலம் தெரிந்த தன் அதிகாரிகள் ஸ்பானிஷிலோ பிரெஞ்சிலோ வேலை பார்க்கும் அளவுக்குத் தேற, அமெரிக்க வெளியுறவுத் துறை சுமார் 30 வாரம், ஏறக்குறைய 700 மணி நேர வகுப்பு நடத்துகிறது. நம் பள்ளியில் வாரம் ஐந்து பீரியட், தலா 40 நிமிடம் என்று வையுங்கள். வருடத்துக்கு 35 வாரம். மொத்தம் 120 மணி நேரம்கூட வராது. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டையும் சேர்த்தாலும் 240-க்குள்தான். 98 வாங்கிய பெண் பாரிஸில் காபி கேட்கத் திணறினால் தப்பு அவளுடையதா?

மொழி படிக்க வேண்டுமா, திட்டம் போடுங்கள். ஸ்பானிஷையே எடுத்துக்கொள்வோம். இருபது நாடுகளில் ஆட்சிமொழி. இதே மறைமலைநகரில் ஃபோர்டு தயாரித்த இகான் கார்கள் ஒரு காலத்தில் மெக்சிகோவுக்குக் கப்பலேறின. தேவை இல்லாத மொழி அல்ல. ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தால் ப்ளஸ் டூ முடிப்பதற்குள் 800 மணி நேரம் கிடைக்கும். எட்டாவதில் தடுமாறாமல் பேச வேண்டும். பத்தாவதில் செய்தித்தாள் படிக்க வேண்டும். கடைசி இரண்டு வருடம் உயர்நிலைப் பாடம்: சிறுகதை படிப்பது, கட்டுரை எழுதுவது, வாதாடுவது. ஸ்பானிஷுக்கு டெலே, பிரெஞ்சுக்கு டெல்ஃப் என்று உலகம் ஒப்புக்கொள்ளும் தேர்வுகள் உண்டு. அவற்றில் வாயைத் திறந்து பேசினால்தான் பாஸ்.

அதாவது, உயர்நிலை வகுப்பு என்பது ஆறாவது மாடி. நாம் ப்ளஸ் ஒன்னில் அஸ்திவாரம் தோண்டிவிட்டு, கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடிக்கிறோம்.

“இப்ப என் பொண்ணு என்ன சார் பண்ணணும்?” என்றார் நண்பர்.

தமிழிலேயே தொடரட்டும். பத்து வருடம் படித்த மொழியில் உயர்நிலைக்குப் போக இன்னும் இரண்டே வருடம். பிரெஞ்சில் நிஜமாகவே ஆசை இருந்தால் சனி, ஞாயிறில் வெளியே கற்கட்டும், கல்லூரியிலும் விடாமல் தொடரட்டும் என்றேன்.

“85தானே வரும்?”

வரட்டுமே. அந்த 85-க்குப் பின்னால் ஒரு மொழி இருக்கும்.